பயாஸ் பேட்டரி தீர்ந்ததால் நின்றுபோன இணையம்

லினக்ஸில் உங்களைப் பாடாய்ப் படுத்திய ஒரு சிக்கலையும், அதன் காரணம் எப்படிப் பிடிபட்டது என்பதையும் எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

வீட்டில் பன்னிரண்டு வருடப் பழைய மேசைக் கணினி ஒன்று இருக்கிறது. டெபியன் என்ற லினக்ஸ் ஓடுகிறது, பக்கத்துப் பார்ட்டிஷனில் அக்கா மகன் விளையாட விண்டோஸ் 10. ஊருக்குப் போய்விட்டு ஒன்றரை மாதம் கழித்து வந்து போட்டேன். டெபியன் வந்தது, வைஃபையும் இணைந்தது, ஆனால் ஃபயர்ஃபாக்ஸில் ஒரு தளமும் திறக்கவில்லை. எதைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்ற எச்சரிக்கைதான். ரவுட்டரை அணைத்துப் போட்டேன், தளப் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸை மாற்றினேன், ஃபயர்ஃபாக்ஸின் சேமிப்பையெல்லாம் அழித்தேன். தொடர்பு இருக்கிறதா என்று சோதிக்கும் பிங் மட்டும் ஒழுங்காகப் போய் வந்துகொண்டே இருந்தது. அந்த எச்சரிக்கைப் பக்கத்தில் கூடுதல் விவரம் என்று ஒரு பொத்தான் இருந்தது, அதை நான் அழுத்தவே இல்லை. அழுத்தியிருந்தால் ஒன்றரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

கடைசியில் மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கும் ஆப்ட் அப்டேட் கட்டளையைக் கொடுத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தப் பட்டியலின் ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை, செல்லுபடியாக இன்னும் நானூற்றுச் சொச்சம் நாள் இருக்கிறது என்று பிழைச்செய்தி. உடனே தேதியைப் பார்த்தேன். ஓராண்டுக்கும் மேல் பின்னால் இருந்தது! தளங்கள் தம்மை உண்மையானவை என்று காட்டும் சான்றிதழ்கள் அப்போது சில 90 நாள், சில ஓராண்டு சொச்சம் என்றுதான் வழங்கப்பட்டன, ஆகவே என் கணினியைப் பொறுத்தவரை அவை எல்லாமே இனிமேல்தான் பிறக்க வேண்டும். பேனலில் மணியை மட்டும் காட்டும்படி வைத்திருந்ததால் தேதி கண்ணில் படவில்லை. மணி தப்பாக இருந்ததைப் பார்த்தேன்தான், ஆனால் விண்டோஸ் மாற்றி வைத்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குள் போனால் 2010 ஜனவரி என்று இருக்கிறது, லினக்ஸோ வேறு தேதி காட்டுகிறது. அது எங்கிருந்து வந்தது? பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் அன்றைய பூட் பதிவைப் படித்தேன். கணினியின் நேரம் இந்த மென்பொருளைக் கட்டிய நேரத்துக்கும் முந்தையதாக இருக்கிறது, கடிகாரத்தை முன்னே நகர்த்துகிறேன் என்று, லினக்ஸில் மற்ற சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி ஒரே வரியில் எழுதி வைத்திருந்தது. தான் உருவாவதற்கு முந்தைய நாள் இன்றைய தேதியாக இருக்க முடியாது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. அந்த வரியைப் படித்ததும் எனக்கு உண்மையிலேயே மரியாதை வந்துவிட்டது.

கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டில் இருந்த பேட்டரிதான். அந்த சிஆர்2032 பட்டன் பேட்டரியைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தேன். 3 வோல்ட் இருக்க வேண்டியது 1.9 தான் இருந்தது. சரி, மாற்றியாகிவிட்டது. ஆனால் இணையம் இருக்கும்போது நேரம் தானாகவே சரியாகியிருக்க வேண்டுமே? நேர அமைப்பைக் காட்டும் டைம்டேட்சிடிஎல் கட்டளையைக் கொடுத்தால், இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி சேவை அணைந்து கிடக்கிறது. அணைத்தது நானேதான், இரண்டு வருடத்துக்கு முன்னால். விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதும், லினக்ஸ் அதை யுடிசி, அதாவது உலகப் பொது நேரம், என்று எடுத்துக்கொள்ளும். அதனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதெல்லாம் நமக்குச் சரியாக ஐந்தரை மணி நேரம் தப்பும். அதைச் சரிசெய்ய எங்கேயோ கிடைத்த நான்கு கட்டளைகளை அப்படியே ஒட்டினேன், அதில் ஒன்று என்டிபியை நிறுத்தியிருக்கிறது. இப்போது விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ரியல்டைம்இஸ்யுனிவர்சல் என்ற மதிப்பை 1 ஆக்கி, அதையும் யுடிசிக்கே கொண்டுவந்துவிட்டேன். என்டிபி மறுபடி ஓடுகிறது. இப்போதெல்லாம் எந்தக் கட்டளையை ஏன் கொடுத்தேன் என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவிட்டுத்தான் என்டர் தட்டுகிறேன்.

*

என்னுடையது வட்டில் இடமில்லாத கதை. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தை ஐந்து நொடிக்கு ஒருமுறை பதிவு செய்ய ஒரு பழைய மடிக்கணினியில் ஸ்கிரிப்ட் போட்டிருந்தேன். இரண்டரை மாதம் ஒழுங்காக ஓடிவிட்டு, ஒருநாள் இடமில்லை என்று நின்றுவிட்டது. காலி இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால் 20 ஜிபி பார்ட்டிஷனில் 13 ஜிபி காலி! வட்டு கெட்டுவிட்டது என்றே முடிவு கட்டி, புதிதாக எஸ்எஸ்டி விலை பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அப்புறம்தான் டிஎஃப்புடன் ஐ என்ற தெரிவைச் சேர்த்துப் பார்த்தேன், ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் ஐநோடு நூறு சதவீதம் தீர்ந்திருந்தது. இஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் கோப்பு முறையில் எத்தனை கோப்புகள் வைக்கலாம் என்பது ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது, வழக்கமாக 16 கேபிக்கு ஒன்று. 20 ஜிபிக்குப் பதிமூன்று லட்சம் சொச்சம் வரும். என் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு அளவையும் தனிக் கோப்பாக எழுதியது, ஒரு நாளைக்கு 17,280. வகுத்துப் பாருங்கள், 76 நாள்கூட வராது. எல்லாக் கோப்புகளையும் குறிக்கும் நட்சத்திரக் குறி போட்டு அழிக்கப் போனால் பட்டியல் மிக நீளம் என்று மறுத்துவிட்டது, ஃபைண்ட் கட்டளையோடு டெலீட் தெரிவு கொடுத்துத்தான் அழித்தேன். இப்போது நாளுக்கு ஒரே கோப்பு, அதன் அடியில் வரி வரியாகச் சேர்கிறது.

*

முதலில் எழுதியவர் சொன்ன பேட்டரியை மாற்றப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அது தீர்ந்தாலோ கழற்றினாலோ நேரம் மட்டுமல்ல, பல பழைய போர்டுகளில் பயாஸ் அமைப்புகளும் அழிந்துவிடும். எனக்கு, கணினி வட்டோடு பேசும் சாட்டா முறை ஏஎச்சிஐயிலிருந்து ஐடிஇக்குத் திரும்பிவிட்டது. லினக்ஸ் எதுவும் நடக்காதது போல வந்தது, விண்டோஸ் மட்டும் நீலத் திரை காட்டி மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் ஆனது. மூன்று நாள் விண்டோஸ் பழுதாகிவிட்டது என்று நினைத்து ரிப்பேர் டிஸ்க்கோடு போராடினேன். ஏஎச்சிஐக்கு மாற்றியதும் முதல் தடவையிலேயே வந்துவிட்டது. பேட்டரியில் கை வைக்கும் முன்னால் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.