முதல் தேர்தலில் ஜெயித்தவரே கடைசி வரை ஜெயிக்கிறார்: போர்டு கேமில் இதை எப்படி உடைப்பது?

விரல்மை:
சென்னை மாநகராட்சியை வைத்து 4 பேர் ஆடும் ஆட்டம். நிஜத்தில் 200 வார்டு, மேசைக்காக 12 ஆக்கியிருக்கிறேன். வார்டுக்கு 5 வாக்காளர் கட்டை. மொத்தம் 3 தேர்தல், ஒவ்வொன்றுக்கும் முன்னால் 3 சுற்று. காசு கொடுத்துக் கட்டையைத் தன் பக்கம் இழுக்கலாம். ஜெயித்தவருக்குச் சுற்றுக்கு 6 காசு, மற்றவர்களுக்கு 2. யார் ஆடினாலும் முதல் தேர்தலோடு முடிவு தெரிந்துவிடுகிறது. ஆளுங்கட்சிக்கு மைனஸ் 2 ஓட்டு என்று விதி வைத்தால் சரியாகுமா?

பகடைப்பெட்டி:
மைனஸ் 2 வேண்டாங்க. நல்லது பண்ணினாலும் பண்ணாட்டியும் ஒரே அடின்னா, முதல் தேர்தல்ல ஜெயிக்கவே எவனும் விரும்ப மாட்டான்.

கோளாறு கஜானாவுலதான். கட்சிப் பணமும் மாநகராட்சிப் பணமும் ஒரே குவியல்ல கிடக்கு. கட்சிப் பணம் நாலு பேருக்கும் சமமா 3 கொடுங்க. மேயரோட 6 காசு வார்டு வேலைக்கு மட்டும், அதுவும் எல்லார் கண்ணு முன்னால.

அப்புறம் வேலைன்னா தாமதம் இருக்கணும். மழைநீர் வடிகால் கார்டு 4 காசுன்னு வைங்க. போட்ட சுற்றுல ரோடு தோண்டிக் கிடக்கும், அந்த வார்டுல மைனஸ் 1. ரெண்டு சுற்று கழிச்சு பிளஸ் 3. மூணாவது சுற்று முடிவுல வடகிழக்குப் பருவமழை; அப்பவும் பள்ளமா இருந்தா இன்னொரு மைனஸ் 2. வேலை முடியுறப்போ நாற்காலியில யாரோ, பேரு அவருக்கு. இப்ப மேயர் முதல் சுற்றுலயே தோண்டணும், இல்ல தொடவே கூடாது. நிஜமான அரசியல் முடிவுன்னா அதுதான்.

மயிலை மேப்:
பணத்தைப் பிரிப்பது சரி, ஆனால் அது போதாது. கட்டையைக் காசுக்கு வாங்க முடிகிற வரை அங்கே நடப்பது ஏலம், தேர்தல் இல்லை. வாக்காளருக்கென்று சொந்த விருப்பம் இருந்தால்தான் அதை ஜனநாயகம் என்று சொல்ல முடியும்.

கட்டையின் நிறமே வாக்காளரின் விருப்பமாக இருக்கட்டும்: நீலம் குடிநீர், சிவப்பு வேலை, மஞ்சள் வீட்டு வாடகை. பையிலிருந்து பார்க்காமல் எடுத்து வார்டுக்கு 9 கட்டை வையுங்கள். ஆட்டக்காரர்கள் கட்டையைத் தொடக்கூடாது. வாக்குறுதி கார்டு மட்டும் போடலாம். தேர்தலன்று அந்த வார்டில் நீலத்துக்கு யாருடைய புள்ளி அதிகமோ, நீலக் கட்டை எல்லாம் அவருக்கு. நிறைவேறாத வாக்குறுதி அடுத்த தேர்தல் வரை அங்கேயே மைனஸ் 2 ஆக நிற்கட்டும்.

வார்டில் இருவர் சமமானால் சீட்டுக் குலுக்கல். 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65ஆம் பிரிவே அப்படித்தான் சொல்கிறது. ஒரு எச்சரிக்கை: 12 வார்டையும் ஒவ்வொரு முறையும் எண்ணினால் ஆட்டம் இழுத்துவிடும். புதிதாகக் கார்டு விழுந்த வார்டை மட்டும் எண்ணுங்கள்.

கணக்குப்புலி:
கூட்டணியை யாருமே சொல்லலையே! 1967 சட்டமன்றத் தேர்தலை எடுத்துக்குங்க. காங்கிரஸ், திமுக ரெண்டுக்கும் ஏறக்குறைய 41 விழுக்காடு ஓட்டு. இடமோ காங்கிரசுக்கு 51, திமுகவுக்கு 137. திமுக 234 தொகுதியில 174லதான் நின்னுச்சு, மீதியைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டுக் கொடுத்துச்சு. இந்தக் கணக்கு உங்க மேசையில தெரியணும். தேர்தலுக்கு முன்னால தொகுதிப் பங்கீட்டுக்குன்னு 3 நிமிஷம் ஒதுக்குங்க. விட்டுக் கொடுத்த வார்டுல, விட்டவரோட வாக்குறுதிப் புள்ளி கூட்டாளிக்குப் போகணும். பின்னால இருக்கிறவருக்கு முன்னாடி போறவரைப் பிடிக்க வழி அங்கதான் இருக்கு.

விரல்மை:
மிக்க நன்றி. 12 வார்டும் நாலு பேருக்கு 5-4-2-1 என்று பிரிந்தால் மேயர் யார்?

மயிலை மேப்:
2022இல் நடந்தது போல மறைமுகத் தேர்தல் வையுங்கள்: கவுன்சிலர்கள்தான் மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள். 12இல் 7 கை வேண்டும். பேரம் பேச நிலைக்குழுத் தலைவர் டோக்கன் 3 மட்டும் கொடுங்கள். வரம்பில்லாவிட்டால் எல்லோரையும் உள்ளே இழுத்து எதிர்க்கட்சியே இல்லாமல் செய்துவிடுவார்கள். அமைச்சர் எண்ணிக்கைக்கு 2003இல் அரசமைப்பின் 91ஆவது திருத்தம் அவை உறுப்பினர்களில் 15 விழுக்காடு என்று வரம்பு வைத்ததும் பதவியைக் காட்டி ஆள் இழுப்பதைக் குறைக்கத்தான். ஒரு பதவிக்காலத்தில் ஒரே ஒரு முறை நம்பிக்கையில்லாத் தீர்மானம், அதற்கும் 7 கை.