அம்மாவுடன் கினோசாகி: ஆற்றங்கரை ரியோகானில் தங்குவது சரிவருமா?

கேள்வி: பேரூர்க்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ஒசாகாவில் ஒன்றரை ஆண்டாக வேலை செய்கிறேன். அக்டோபர் கடைசி வாரம் அம்மா ஊரிலிருந்து வருகிறார். வயது 64. நெடுநேரம் விமானத்தில் உட்கார்ந்து வருவது அவருக்கு ஆகாது. அதனால் இன்னொரு முறை வருவார் என்று சொல்ல முடியாது.

கினோசாகி என்ற வெந்நீர் ஊற்று ஊரில், ஆற்றை ஒட்டி இருக்கும் ஒரு பழைய ரியோகானில் (ஜப்பானிய மரபு விடுதி) இரண்டு இரவு தங்க வைக்க வேண்டும் என்பது என் ஆசை. அப்பா போன பிறகு நான்கு ஆண்டாக அம்மா எங்கும் போகவில்லை. வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டு, ஆறு ஓடுவதைப் பார்த்தபடி அவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

தயக்கம் மூன்று. அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. முழங்கால் வலி உண்டு. மூன்றாவதுதான் பெரியது: பொதுக் குளியலில், பெண்கள் பகுதியில் பிறந்த மேனியாகத்தான் இறங்க வேண்டுமாமே! எனக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை, கூட வரப் பெண் யாரும் இல்லை. மொழி தெரியாத இடத்தில் அவர் தனியாக என்ன செய்வார்? கட்டணம் ஓர் இரவுக்கு 28,000 யென் என்று போட்டிருக்கிறார்கள். அது அறைக்கா, ஆளுக்கா என்பதும் புரியவில்லை.

பதில் 1: கோபே மருமகள்

தம்பி, அழைத்துக்கொண்டு போங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு என் மாமியாரை இதே கினோசாகிக்கு அழைத்துச் சென்றேன். தென்காசிக்காரர், அப்போது அவருக்கு 67. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கட்டணம். ரியோகானில் ஆள் கணக்குதான். இரவு உணவும் காலை உணவும் அதில் அடங்கும். ஆக, உங்கள் இருவருக்கும் ஓர் இரவுக்கு 56,000. மாதக் கடைசி என்பது நல்லதாகப் போயிற்று. நவம்பர் 6ஆம் தேதி நண்டுப் பருவம் தொடங்கிவிடும். அதன்பின் மார்ச் வரை அந்த ஊரில் எங்கு திரும்பினாலும் நண்டுதான், விலையும் ஏறிவிடும். சைவக்காரர்கள் அதற்கு முன்னால் போய்வருவதே மேல்.

சாப்பாட்டில் நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். வேறோர் ஊரில் ஒரு விடுதியில் "சைவம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனோம். மிசோ சூப்பு வந்தது. மாமியார் கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே கீழே வைத்துவிட்டார். காய்ந்த மீனைச் சீவிக் கொதிக்க வைத்த தாஷி அது. அங்கே இறைச்சித் துண்டு இல்லாவிட்டால் சைவம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அடிச்சாறு யாருக்கும் நினைவு வருவதில்லை. அன்றிரவு அவர் வெறும் சோறும் ஊறுகாயும் சாப்பிட்டுப் படுத்தார். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதனால் கினோசாகிக்கு இரண்டு வாரம் முன்பே ஜப்பானிய மொழியில் எழுதி அனுப்பினேன். மீன், இறைச்சி, முட்டை, நண்டு, சிப்பி எதுவும் ஆகாது, மீன் தாஷியும் ஆகாது, கொம்பு என்கிற கடற்பாசியிலோ ஷீட்டாக்கே காளானிலோ எடுத்த தாஷி ஆகும், பால் ஆகும். இவ்வளவையும் வரிவரியாக எழுதினேன். மறுநாளே பதில் வந்தது: வெங்காயம், பூண்டு சாப்பிடுவாரா என்று அவர்களே கேட்டிருந்தார்கள்! பௌத்த மடங்களின் சைவச் சமையலில் அவை சேர்வதில்லை. அந்தப் பழக்கத்தில் கேட்டார்கள். மனம் குளிர்ந்துவிட்டது. இரவு வந்த எள் தோஃபுவை மாமியார் கரண்டியால் தொட்டுப் பார்த்தார். கூழாகவும் இல்லை, கட்டியாகவும் இல்லை, பாலாடைபோல் வழுக்கியது. எள்ளை அரைத்துப் பாலெடுத்து, கிழங்கு மாவு சேர்த்துக் கிண்டியது என்றேன். "இது நம் எள்ளேதான்" என்று அதை முதலில் முடித்தார். தட்டு தட்டாக வந்துகொண்டே இருக்கும், ஒன்றரை மணி நேரம் ஆகும். அம்மாவுக்கு அதற்குள் பசி அடங்கிவிடும் என்பதால் சோற்றை முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

இனி குளியல். அந்த ஊரின் அமைப்பை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஓத்தானி ஆறு ஊருக்கு நடுவே ஓடுகிறது. இருபுறமும் வில்லோ மரங்கள், வளைந்த சிறு கற்பாலங்கள். 1925 நிலநடுக்கத்திலும் தீயிலும் ஊர் அழிந்து, மறுபடி கட்டியது அது. ஏழு பொதுக் குளியல் இல்லங்கள் உண்டு. ஊர்க்காரர்கள் முழு ஊரையும் ஒரே விடுதி என்பார்கள்: ரயில் நிலையம் வாசல், தெரு நடைகூடம், ஒவ்வொரு ரியோகானும் ஓர் அறை, பொதுக் குளியல் இல்லங்கள்தாம் குளியலறை. விடுதிக்குள் தனியாக வெந்நீர்த் தொட்டி வைக்கலாமா என்று 1927இல் எழுந்த வழக்கு 1950இல்தான் தீர்ந்தது. அதனால்தான் உள்தொட்டிகள் இன்றும் சிறியவை. விடுதியில் தங்குபவர்களுக்கு இந்த இல்லங்களுக்கு அனுமதிச் சீட்டு தருவார்கள், தனிக் கட்டணம் இல்லை.

அம்மாவுக்கு நான் சொல்வது இதுதான். முதல் நாள் விடுதியிலேயே தனிக் குளியலறையைக் கேட்டு ஒதுக்கிக்கொள்ளுங்கள்; பெரும்பாலும் 40, 50 நிமிடம் தருவார்கள். அம்மா மட்டும் உள்ளே, நீங்கள் கதவுக்கு வெளியே குரல் கேட்கும் தூரத்தில். தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, கைக்குழாயால் தலை முதல் கால் வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். தொட்டி நீர் உடம்பை ஊற வைக்க மட்டும். அதில் சோப்புக் கூடாது, துண்டும் நனையக் கூடாது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நீர் 41, 42 டிகிரி இருக்கும். ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடச் சொல்லுங்கள். சாப்பிட்ட உடனே வேண்டாம். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர் என்றால் ஊரிலேயே மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எழும்போது சட்டென்று எழக் கூடாது.

இரண்டாம் நாள் காலை, பெண்கள் பகுதிக்குத் தனியே அனுப்புங்கள். வயதானவர் ஒருவர் வெந்நீரில் இறங்கும்போது பூட்டிய அறையைவிடப் பத்துப் பெண்கள் இருக்கும் இடமே பாதுகாப்பு. கூச்சம் பற்றி என் மாமியார் சொன்னதையே சொல்கிறேன். குற்றாலத்தில் சேலையோடு நின்று குளித்தே பழகியவர். முதல் இரண்டு நிமிடம் சிறு துண்டை மார்போடு பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். பக்கத்தில் எண்பது வயது மதிக்கத்தக்க பாட்டி ஒருவர், முதுகு முழுக்கச் சுருக்கம், தன் துண்டை நான்காக மடித்துத் தலைமேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். மாமியார் அவரையே பார்த்தார். பிறகு தன் துண்டையும் மடித்துத் தலைமேல் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டார். "யாரும் யாரையும் பார்க்கவில்லையடி, நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார் வெளியே வந்து.

பதில் 2: அரிமா அன்பர்

மேலே எழுதிய சகோதரி சொன்னதை மறுக்கவில்லை. ஆனாலும் அரிமா என்ற வெந்நீர் ஊற்று ஊரையும் யோசியுங்கள். கினோசாகிக்கு ஒசாகாவிலிருந்து விரைவு ரயிலிலேயே மூன்று மணி நேரம் ஆகிவிடுகிறது. அரிமாவுக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம் போதும். அங்கே "தங்க நீர்" என்று ஒன்று உண்டு. இரும்பும் உப்பும் கலந்து துருவின் நிறத்தில் இருக்கும். கழுத்தளவு இறங்கிவிட்டால் உள்ளே எதுவும் தெரியாது. கூச்சப்படுகிற அம்மாவுக்கு அதைவிட என்ன வேண்டும்? என் அக்கா அதனால்தான் இறங்கச் சம்மதித்தார். வெள்ளைத் துண்டை மட்டும் நனைத்துவிட வேண்டாம், கறை போகாது.

பதில் 3: கோபே மருமகள்

அரிமா அன்பரே, அந்தக் கலங்கல் நீர் நல்ல யோசனை, எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அரிமா மலைச்சரிவு. பஸ் நின்ற இடத்திலிருந்து ஏற்றம், படிகள். அம்மாவுக்கு முழங்கால் வலி என்கிறாரே தம்பி. கினோசாகியில் ஆற்றங்கரை முழுக்கச் சமதளம். ரயில் நிலையத்திலிருந்து மெல்ல நடந்தே போய்விடலாம்.

அங்கே போனதும் கெத்தா என்கிற மரச்செருப்புத் தருவார்கள். அம்மா அதைப் போட வேண்டாம். தன் செருப்பிலேயே நடக்கட்டும். யுகாத்தா என்கிற மெல்லிய அங்கியைக் கட்டும்போது இடப்பக்கம் மேலே வர வேண்டும். வலப்பக்கத்தை மேலே விட்டுக் கட்டுவது இறந்தவர்களுக்கு. இதை மட்டும் மறந்துவிடாதீர்கள், நம் வீட்டிலும் இப்படிப்பட்டவற்றை எவ்வளவு பார்ப்போம்.

அம்மா வந்ததும் என்னோடு தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள். எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். மகனிடம் கேட்கத் தயங்குகிற கேள்விகள் அவருக்கு இருக்கும்.

பதில் 4: நாரா வாசி

ஒரே ஒரு குறிப்பு. தரைப் படுக்கையிலிருந்து எழுவது முழங்கால் வலிக்காரர்களுக்குப் பெரும் பாடு. கட்டில் போட்ட அறை சில ரியோகான்களில் உண்டு, முன்பதிவின்போதே கேளுங்கள். இல்லையென்றால் மெத்தையை இரட்டையாக விரிக்கச் சொல்லி, தாழ்வான மேசையை அருகில் இழுத்து வையுங்கள். கை ஊன்றி எழ உதவும். உணவுக்கு உயரமான நாற்காலி, மேசை கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். பெட்டியின் சக்கரத்தைத் தத்தாமிப் பாய்மேல் உருட்ட வேண்டாம்.

கேள்வி கேட்டவரின் பதிவு, நவம்பர் 2: பேரூர்க்காரன்

போய்வந்துவிட்டோம். எல்லோருக்கும் நன்றி.

ரயிலில் வலப்பக்க இருக்கை கிடைத்தது. தொயோஓகா நகரைத் தாண்டியதும் மருயாமா ஆறு ஜன்னலை ஒட்டியே வந்தது. ரயிலின் பெயர் கோனோதோரி, அதாவது பெருநாரை. ஜப்பானின் கடைசிக் காட்டு நாரை 1971இல் அந்த வட்டாரத்தில்தான் இறந்தது; வளர்த்தெடுத்த நாரைகளை 2005இல் மறுபடி பறக்க விட்டார்கள். அம்மாவுக்கு இதைச் சொன்னேன். அதிலிருந்து வயலில் வெள்ளையாக எது தெரிந்தாலும் கையை நீட்டினார்.

சாப்பாட்டுக் குறிப்பை அக்கா எழுதியபடியே அனுப்பினேன். ஒரு கிண்ணம்கூடத் திரும்பிப் போகவில்லை. முதல் நாள் தனிக் குளியல். வெளியே நடைகூடத்தில் உட்கார்ந்து நான் நிமிடத்துக்கு ஒருமுறை "அம்மா" என்று கூப்பிட, "இருக்கிறேன்டா, பேசாமல் இரு" என்று பதில் வந்துகொண்டிருந்தது.

இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு இச்சி நோ யு என்ற பொதுக் குளியல் இல்லத்துக்குப் போனோம். அம்மா பெண்கள் பக்கத் திரையை விலக்கி உள்ளே போனார், திரும்பிப் பார்க்கவில்லை. நான் பத்தே நிமிடத்தில் குளித்துவிட்டு எதிரே பாலத்தருகில் நின்றேன். தண்ணீர் முழங்கால் அளவுதான் இருக்கும். அடியில் பாசி ஒரே பக்கமாகச் சாய்ந்து அசைந்தது. அரை மணி நேரம் ஆயிற்று. எனக்கு வயிறு கலங்கத் தொடங்கிவிட்டது. வந்தார். முகம் சிவந்து, நெற்றி வியர்த்து, முடியை மேலே தூக்கிக் கொண்டை போட்டிருந்தார். உள்ளே ஒரு பெண்மணி முதுகு தேய்த்துவிட்டாராம், இவரும் அவருக்குத் தேய்த்துவிட்டாராம். என்ன பேசினீர்கள் என்றேன். "அவள் அவள் பாஷையில் பேசினாள், நான் நம் பாஷையில் பேசினேன்" என்றார். பிறகு ஆற்றங்கரைப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். காலை உணவுக்கு நேரமாகிறது என்று நான் இரண்டு முறை சொன்ன பிறகுதான் எழுந்தார்.

விடுதியில் கொடுத்த மெல்லிய துண்டு இப்போது என் சமையலறைக் கம்பியில் தொங்குகிறது. ஊருக்கு அதை எடுத்துப் போகப் போகிறாராம்.

கோபே அக்கா, அம்மா உங்களை நேரில் பார்க்க வேண்டும் என்கிறார். விமானம் 9ஆம் தேதி. இந்த ஞாயிறு மதியம் கோபேயில் சான்னோமியா பக்கம் நாங்கள் வந்தால் உங்களுக்கு வசதிப்படுமா?