த்ரீ பேஸ் போர்டில் ஒரு பேஸில் 140 வோல்ட், இன்னொன்றில் 310: எங்கே கோளாறு?

கேள்வி:
நாலு வயர் சப்ளை. பேஸுக்கும் பேஸுக்கும் நடுவே மூன்று ஜோடியிலும் 400 வோல்ட் இருக்கிறது. நியூட்ரலோடு அளந்தால் ஆர் 140, ஒய் 310, பி 270. ஆர் பேஸில் உள்ள ஹீட்டரை அணைத்தால் மூன்று எண்களும் மாறுகின்றன. டிரான்ஸ்பார்மர் கோளாறா?

பதில் 1:
இல்லை சார், நியூட்ரல் கட். முதலில் மெயினை ஆஃப் செய்யுங்கள். ஒய் பேஸில் இருக்கும் பொருளெல்லாம் 310 வோல்ட் வாங்கிக்கொண்டிருக்கிறது. நியூட்ரல் உறுதியாக இருந்தால் 400-ஐ 1.732-ஆல் வகுத்து, பேஸுக்கு 230 வந்தே தீரும்.

ஆர் பேஸில் 2000 வாட் ஹீட்டர், ஒய் பேஸில் 500 வாட், பி காலி என்று வையுங்கள். நியூட்ரல் அறுந்ததும் அந்த இரண்டு லோடும் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே சீரியலாகிவிடும். ஒன்று 26 ஓம், மற்றது 106 ஓம். ஹீட்டருக்கு 80 வோல்ட்தான் கிடைக்கும், சின்ன லோடு 320 வாங்கும். லோடு குறைவான பேஸில் பொருள்கள் எரிந்துபோவது இதனால்தான்.

கேள்வி கேட்டவர்:
அதே போர்டில் 7.5 கிலோவாட் மோட்டார் மட்டும் ஒழுங்காக ஓடுகிறதே?

பதில் 2:
மோட்டாருக்கு நியூட்ரல் வேண்டாம். மூன்று வைண்டிங்கும் சமம், மூன்று கரண்டையும் கூட்டினால் சைபர். மோட்டார் ஓடுவதை வைத்து சப்ளை சரி என்று முடிவு செய்யாதீர்கள்.

பதில் 3:
நியூட்ரல் அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் மட்டும் போதாது. லோடு இல்லாதபோது அறுந்த நியூட்ரலிலும் அது ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். 230 வோல்ட் குண்டு பல்பு இரண்டை சீரியலாக்கி டெஸ்ட் லேம்ப் செய்துகொள்ளுங்கள். மெயின் ஆஃபில் இருக்க, உள்ளே வரும் பக்கத்தில் ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வையுங்கள். மூன்றிலும் ஒரே மாதிரி எரிந்தால் கோளாறு மெயினிலோ அதற்குப் பிறகோதான். எரியாவிட்டாலோ வெளிச்சம் ஏறி இறங்கினாலோ அது மீட்டர் பக்கம். சப்ளை தருபவர்தான் திறக்க வேண்டும்.

உங்கள் பக்கம் என்றால் நியூட்ரல் லிங்க்கை (நியூட்ரல் வயர்கள் சேரும் டெர்மினல் பட்டை) முதலில் பாருங்கள். அலுமினிய வயரைப் பித்தளை டெர்மினலில் நேராகச் செருகியிருந்தால், சூட்டில் நீண்டு சுருங்கி ஸ்க்ரூ தளரும், ஆக்சைடு படியும், கருகும். கருகிய முனையை வெட்டிவிட்டு பைமெட்டல் லக் (வயர் பக்கம் அலுமினியம், டெர்மினல் பக்கம் செம்பு உள்ள முனை) போடுங்கள். நியூட்ரலில் மட்டும் தனியாக ஃபியூஸ் இருந்தால் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நியூட்ரலை நேரடியாக இணையுங்கள். தற்காலிகமாக என்றுகூட எர்த்தை நியூட்ரலாகக் கட்டாதீர்கள்: பொருள்களின் உலோக உடம்பெல்லாம் ஷாக் அடிக்கும்.

பதில் 1:
ஒன்று விட்டுப்போனது. பேஸ் ஃபெயிலியர் ரிலே (பேஸில் கோளாறு வந்தால் சப்ளையைத் துண்டிக்க வைக்கும் கருவி) வாங்கினால் நியூட்ரல் டெர்மினலும் உள்ளதாகப் பாருங்கள். மூன்று பேஸை மட்டும் கவனிக்கும் ரிலேவுக்கு இப்போதும் 400தான் தெரியும், டிரிப் ஆகாது.