ஆஸ்திரேலியாவில் ஆசிரியர் பதிவு: ஐஇஎல்டிஎஸ்ஸா, பிடிஇயா?

கணக்கு டீச்சர், திருச்சி
வணக்கம். பி.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்துவிட்டு மெட்ரிக் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். ஆஸ்திரேலியாவுக்கு முயற்சி செய்யலாம் என்று வீட்டில் பேசி முடிவெடுத்திருக்கிறோம். அதற்கு எந்த ஆங்கிலத் தேர்வு எழுதுவது என்பதில்தான் குழப்பம். கன்சல்டன்சியில் "பிடிஇ ஈஸி, விசாவுக்குச் செல்லும், அதையே எழுதுங்க" என்கிறார்கள். கூட வேலை பார்ப்பவரோ ஐஇஎல்டிஎஸ்தான் என்று அடித்துச் சொல்கிறார். எதற்குப் பணம் கட்டுவது? நான் படித்ததெல்லாம் ஆங்கில வழியில்தான், அந்தச் சான்றிதழ் போதாதா?

மெல்பர்ன் வாத்தியார்
போதாது டீச்சர். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா, கனடா, இந்த ஆறு நாடுகளில் ஆசிரியர் பயிற்சியையும் சேர்த்து நான்கு வருடம் கல்லூரிப் படிப்பு படித்தவர்களுக்குத்தான் விலக்கு. நம் ஊரில் எந்த மீடியத்தில் படித்திருந்தாலும் தேர்வு எழுதியே ஆக வேண்டும்.

விசாவுக்குச் செல்லும் என்பதை வைத்துத் தேர்வை முடிவு செய்யாதீர்கள். உங்கள் தகுதியை முதலில் பார்ப்பது ஏஐடிஎஸ்எல், விசாவுக்காக ஆசிரியர்களின் தகுதியை மதிப்பிடும் ஆஸ்திரேலிய அமைப்பு. அவர்கள் கேட்பது ஐஇஎல்டிஎஸ் அகாடமிக், வாசிப்பிலும் எழுத்திலும் 7, பேச்சிலும் கேட்பதிலும் 8, எல்லாம் ஒரே தேர்வில். ஐஇஎல்டிஎஸ்ஸின் இன்னொரு வகையான ஜெனரல் டிரெயினிங் எழுதினால் செல்லாது, புக் பண்ணும்போது அதை ஒருமுறை சரிபாருங்கள். அதே மார்க்கில் ஸ்கில்டு விசாவின் புள்ளிக் கணக்கில் ஆங்கிலத்துக்கு 10 புள்ளியும் கிடைத்துவிடும். நான்கிலும் 8 வந்தால் 20.

அப்புறம், ஏஐடிஎஸ்எல் முடிந்தால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வகுப்புக்குள் போக மாநிலப் பதிவு தனி. அதைத் தருவது விக்டோரியாவில் விஐடி, நியூ சவுத் வேல்ஸில் நெசா. எந்த மாநிலம் என்று முடிவான உடனே அவர்களுடைய ஆங்கில விதியையும் படித்துவிடுங்கள்.

மதுரை டிரெயினர்
ஆசிரியர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது அந்த 8இல்தான். லிசனிங்கில் 40க்கு 35 சரியாக வந்தால்தான் 8, ஆடியோ ஒரே தடவைதான் ஓடும். இரண்டு சொல்லுக்கு மிகாமல் என்று போட்டிருக்கும் இடத்தில் மூன்று எழுதினால் மார்க் போச்சு, ஸ்பெல்லிங் தப்பினாலும் அப்படியே. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள் இதில் மார்க்கை விடுவதைப் பார்க்கும்போது உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருக்கும்.

ஸ்பீக்கிங்கில் எதிரே எக்ஸாமினர் இருப்பார், 11 முதல் 14 நிமிடம். நம் உச்சரிப்பு தமிழ் வாடை அடிக்கிறதே என்று பயப்படாதீர்கள், வெள்ளைக்காரர் மாதிரி பேச வேண்டியதில்லை, புரிகிற மாதிரி தெளிவாக இருந்தால் போதும். தலைப்பு அட்டை கொடுத்து ஒரு நிமிடம் யோசிக்க விட்டு இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். மனப்பாடம் பண்ணியதை ஒப்பித்தால் உடனே தெரிந்துவிடும். வகுப்பில் ஒரு கணக்கை விளக்குகிற மாதிரி காரணம் சொல்லிச் சொல்லிப் பேசிப் பழகுங்கள். பிடிஇயில் மைக்கைப் பார்த்துப் பேசுவது, அது வேறு பழக்கம்.

ஆக்லாந்து சுதா
நியூசிலாந்தையும் யோசியுங்கள். இங்கே டீச்சிங் கவுன்சில் ஐஇஎல்டிஎஸ் அகாடமிக்கில் நான்கிலும் 7 கேட்கிறது, பிடிஇயும் ஏற்கிறார்கள். இங்கே பதிவான ஆசிரியர் பிறகு ஆஸ்திரேலிய மாநிலத்தில், இரு நாடுகளுக்கும் இடையிலான பரஸ்பர அங்கீகாரச் சட்டத்தின் வழியாகப் பதிவு கேட்கலாம். ஆனால் ஸ்கில்டு விசாவுக்கு ஏஐடிஎஸ்எல் தேவைப்பட்டால் அந்த 8 திரும்ப வந்து நிற்கும்.

கணக்கு டீச்சர், திருச்சி
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் என்று முடிவு பண்ணிவிட்டேன். உடனே தேதி எடுத்துவிடவா?

மெல்பர்ன் வாத்தியார்
அவசரம் வேண்டாம். விசாவுக்கு ரிசல்ட் மூன்று வருடம் செல்லும், ஏஐடிஎஸ்எல்லுக்கு இரண்டு வருடம்தான். அதனால் முதலில் பி.எட். கல்லூரியில், ஏஐடிஎஸ்எல் கேட்கும் டீச்சிங் பிராக்டிஸ் கடிதத்தை வாங்குங்கள், 45 நாளுக்குக் குறையாமல் மேற்பார்வையில் பாடம் எடுத்ததாக நாள் கணக்கோடு இருக்க வேண்டும். கல்லூரி ஆபீஸில் அதை வாங்குவதற்கே சில சமயம் மாதக்கணக்கில் நடக்க வேண்டியிருக்கும். அது கைக்கு வருகிற நிலையில் தேர்வுத் தேதி எடுங்கள்.