டயாலிசிஸ் நேரத்தில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்கிறதா? நீட்டல் பயிற்சி செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

எனக்கு டயாலிசிஸ் தொடங்கி ஐந்து வருடம் ஆகிறது. வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். ஊசிக்குப் பழகிவிட்டேன். தண்ணீரை அளந்து குடிப்பதற்கும் பழகிவிட்டேன். கடைசி ஒரு மணி நேரத்தில் வரும் சதைப்பிடிப்புக்கு மட்டும் பழகவே முடியவில்லை.

முதல் தடவை வந்தது இன்னும் நினைவிருக்கிறது. கண்ணை மூடிப் படுத்திருந்தேன். வலது கெண்டைச்சதை லேசாகத் துடித்தது, அப்புறம் யாரோ முறுக்கிப் பிழிவது போல உருண்டு மேலே ஏறிக் கல்லாக நின்றுவிட்டது. பாதம் தானாகவே கீழ்ப்பக்கம் வளைந்துகொண்டது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் விழித்துவிட்டார். காலைத் தரையில் ஊன்றினால் விட்டுவிடும் என்று நினைத்து எழப் பார்த்தேன். சிஸ்டர் ஓடி வந்து, "இறங்காதீங்க, பிரஷர் குறைஞ்சிருக்கு, விழுந்துடுவீங்க" என்று தடுத்தார். முட்டியை மடக்க விடாமல் ஒரு கையால் அழுத்திக்கொண்டு, இன்னொரு உள்ளங்கையைப் பாதத்தின் முன்பகுதியில் வைத்து மெதுவாக என் முகத்தை நோக்கித் தள்ளினார். இன்னொருவர் மெஷின் என் உடம்பிலிருந்து தண்ணீர் எடுப்பதை நிறுத்திவிட்டு சலைன் விட்டார். ஒரு நிமிடத்துக்குள் சதை இளகியது. ஆனால் அந்த இடம் இரண்டு நாள் அடி வாங்கியது போல வலித்தது.

அதற்குப் பிறகு பல மாதங்கள் பயத்திலேயே போயின. மூன்றாவது மணி நேரம் நெருங்கினாலே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன். அரை மணி நேரம் முன்னதாகவே கழற்றிவிடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன்.

ஒரு பிசியோதெரபிஸ்ட்தான் எனக்கு வழி காட்டினார். பிடிப்பு வந்த பிறகு நீட்டுவதோடு நிறுத்தாதீர்கள், வருவதற்கு முன்பே நீட்டி வையுங்கள், அதுவும் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள் என்றார். பிரஷர் இறங்கத் தொடங்கிய பிறகு பயிற்சி வேண்டாம் என்பது அவர் கணக்கு. வீட்டில் செய்வது போல ஒரு துண்டைப் பாதத்தில் போட்டு இரண்டு முனையையும் இழுக்கலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடம்) உள்ள கையில் இரண்டு ஊசி இருக்கும்போது அந்தக் கையை அசைக்கக் கூடாதே! அதனால் கெட்டியான துணிப் பட்டை ஒன்றை வளையமாகத் தைத்து வைத்துக்கொண்டேன். வளையத்தைப் பாதத்தில் மாட்டி, மறுமுனையை நல்ல கையால் பிடித்து இழுத்தால் போதும். முட்டி நேராக இருக்க வேண்டும். பின்னங்கால் இழுபடுவது தெரிய வேண்டும், வலிக்கக் கூடாது. 20 முதல் 30 விநாடி வைத்திருந்து, மெதுவாக விட்டு, ஒவ்வொரு காலுக்கும் நான்கைந்து முறை செய்கிறேன்.

பட்டை இல்லாத நாளில் விரல்களைச் சொந்த பலத்தாலேயே முகத்தை நோக்கித் தூக்கிப் பிடிப்பேன். சொல்லப்போனால் அதுவே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. தொடையின் பின்பக்கத்துக்கு, காலை நீட்டி வைத்துக்கொண்டு முட்டியின் பின்பக்கத்தை மெத்தையில் அழுத்துவேன். அவ்வளவுதான், பத்து நிமிட வேலை.

முன்பு வாரத்தில் இரண்டு தடவையாவது இழுக்கும். இப்போது மாதத்துக்கு ஒன்றோ இரண்டோதான். முற்றிலும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். உங்களுக்கு எப்படி? எந்த இடத்தில் வருகிறது, என்ன செய்தால் விடுகிறது?

* * *

ஐயா, நான் நோயாளி இல்லை, நோயாளியின் மனைவி. என் கணவருக்கு மெஷினில் இருக்கும்போது அவ்வளவாக வராது. டயாலிசிஸ் முடிந்து வந்த அன்று இரவு இரண்டு மணி வாக்கில்தான் வரும். தூக்கத்தில் சோம்பல் முறிப்பது போலக் காலை நீட்டுவார், பாதம் கீழே குத்தியபடி நீளும், அடுத்த நொடி கத்துவார். எத்தனையோ இரவு இருட்டில் அவர் காலைத் தேடிப் பிடித்து அழுத்தியிருக்கிறேன்.

நான் செய்த ஒரு தவறை இங்கே சொல்லியே ஆக வேண்டும். அவருக்குச் சர்க்கரை உண்டு, பாதத்தில் உணர்ச்சி குறைவு. பிடிப்புக்குச் சூடு நல்லது என்று கேள்விப்பட்டு வெந்நீர்ப் பையைக் கெண்டைக்காலில் வைத்துவிட்டு அப்படியே தூங்கிப்போனேன். அது கணுக்கால் பக்கம் சரிந்திருக்கிறது. அவருக்குச் சுட்டதே தெரியவில்லை. காலையில் கொப்புளம். அது ஆற ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரமும் என் மனசு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சர்க்கரை உள்ளவர்களின் காலில் தயவுசெய்து சூடு வைக்காதீர்கள்.

இப்போது படுக்கப் போகும் முன் சுவரைப் பிடித்து நிற்கச் சொல்கிறேன். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால். பின்னங்குதிகால் தரையை விட்டு எழக் கூடாது. முன் முட்டியை மடக்கிச் சுவர் பக்கம் சாய வேண்டும். அரை நிமிடம், பிறகு கால் மாற்றம். அப்புறம் அதே நிலையில் பின்முட்டியையும் கொஞ்சம் மடக்கச் சொல்வேன், அப்போது குதிகாலுக்கு மேலே, இன்னும் கீழே இழுபடும் என்கிறார். டயாலிசிஸ் அன்று மட்டும் நிற்க வைப்பதில்லை, தலை சுற்றும். கட்டிலில் காலை நீட்டி உட்காரவைத்துத் துண்டால் இழுக்க வைக்கிறேன். முடிந்ததும் உள்ளங்காலை ஒரு முறை பார்த்துவிடுவேன், துண்டு உரசிய தடம் ஏதும் இருக்கிறதா என்று.

இன்னொன்று, கனமான போர்வையைக் கால் பக்கம் இறுக்கிச் செருகுவதை விட்டுவிட்டேன். அது பாதத்தைக் கீழே அழுத்தியே வைத்திருக்கும். சுருங்கிய நிலையில் இருக்கும் சதைதான் சட்டென்று பிடித்துக்கொள்ளும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

* * *

டயாலிசிஸ் டெக்னீஷியனாகப் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். மேலே எழுதிய இருவருமே சரியாகச் செய்கிறீர்கள். ஆனால் மெஷின் பக்கம் நின்று பார்க்கும் எனக்குச் சொல்ல வேண்டிய விஷயம் வேறு.

பிடிப்பு ஏன் வருகிறது என்பதற்கு ஒரே காரணம் கிடையாது. ஆனால் நாங்கள் அதிகம் பார்ப்பது, குறைந்த நேரத்தில் நிறையத் தண்ணீர் எடுக்கும்போதுதான். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். 60 கிலோ உள்ளவருக்கு அது மணிக்கு 780 மில்லி, 4 மணி நேரத்துக்கு 3 லிட்டரைக் கொஞ்சம் தாண்டும். அதே ஆள் இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் தண்ணீரால் 4 கிலோ எடை ஏறி வந்தால் மணிக்கு ஒரு லிட்டர் எடுக்க வேண்டியிருக்கிறது. ரத்தக்குழாயிலிருந்து நாங்கள் இழுக்கும் வேகத்துக்கு, திசுக்களில் இருக்கும் நீர் குழாய்க்குள் திரும்பி வர முடிவதில்லை. பிரஷர் விழும், சதைக்குப் போகும் ரத்தம் குறையும், பிடித்துக்கொள்ளும். நீட்டினால் அந்த நேரத்துக்கு விடும், ஆனால் அளவுக்கு மீறி ஏறி வந்த தண்ணீருக்கு நீட்டல் பதில் சொல்லாது. உப்பைக் குறைத்தால் தாகம் குறையும், தாகம் குறைந்தால் எடை குறைவாக ஏறும்.

அதற்காகப் பிடிப்பு வரும் எல்லோரையும் பார்த்து "தண்ணீர் அதிகம் குடித்துவிட்டீர்கள்" என்று சொல்வதும் தப்பு. அப்படிச் சொல்லி நானே ஒரு பெரியவரை மனம் நோகச் செய்திருக்கிறேன். அவர் ஒழுங்காக ஒன்றரை, இரண்டு கிலோதான் ஏறி வருவார். ஆனாலும் ஒவ்வொரு முறையும் கடைசியில் இரண்டு காலும் இழுக்கும். மூன்று வாரம் கழித்துத்தான் டாக்டர் கண்டுபிடித்தார்: பசி திரும்பி, நன்றாகச் சாப்பிட்டு அவருக்குச் சதை போட்டிருந்தது. டிரை வெயிட்டை, அதாவது உடம்பில் கூடுதல் தண்ணீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடையை, மட்டும் பழைய எண்ணிலேயே வைத்து, இல்லாத தண்ணீரை எடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு கிலோ கூட்டியதும் பிடிப்பு நின்றது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அதனால் ஒரு வேண்டுகோள். பிடிப்பு வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு நீங்களே நீட்டிச் சமாளித்துவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். லேசாகத் துடிக்கும்போதே கூப்பிடுங்கள். தண்ணீர் எடுக்கும் வேகத்தைக் குறைக்கலாம், 100, 200 மில்லி சலைன் கொடுக்கலாம், மெஷினில் ஓடும் டயாலிசிஸ் திரவத்தின் சூட்டைக் கொஞ்சம் குறைக்கலாம். டயாலிசிஸ் அன்று காலையில் பிரஷர் மாத்திரை எடுப்பதா வேண்டாமா என்பதையும் டாக்டரிடம் கேட்டு வையுங்கள். முன்னதாகக் கழற்றச் சொல்லாதீர்கள். விட்டுப்போன அரை மணி நேரத்தின் கழிவும் நீரும் உடம்பிலேயே தங்கி, அடுத்த முறை இன்னும் வேகமாக எடுக்க வேண்டி வரும்.

* * *

எனக்கு வருவது உள்ளங்காலிலும் கைவிரல்களிலும். பெருவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் ஒரு பக்கம் விலகிக்கொண்டு நிற்கும். பார்க்கவே பயமாக இருக்கும். ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்து மேல்பக்கமாக வளைத்தால் விட்டுவிடும். கையில் வந்தால் உள்ளங்கையைத் தொடை மேல் விரித்து அழுத்துவேன். ஃபிஸ்டுலா கையில் வந்தால் நானாக எதுவும் செய்வதில்லை, சிஸ்டரைத்தான் கூப்பிடுவேன்.

ஆரம்பத்தில் எனக்குத் தொடை இடுக்கில் கதீட்டர் (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயில் செருகும் குழாய்) போட்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில் இடுப்பை மடக்கும் எந்தப் பயிற்சியும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கணுக்காலை மட்டும் மேலே, கீழே அசைப்பேன். கதீட்டர் உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு அவசரப்பட்டுக் காலைத் தூக்க வேண்டாம்.

வயிற்றுச் சதையில் ஒரே ஒரு முறை வந்தது. அதற்கு எந்த நீட்டலும் கை கொடுக்கவில்லை. சலைன் விட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

* * *

நான் பிசியோதெரபிஸ்ட். ஒரு விஷயத்தை மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் இதில் ஆபத்து இருக்கிறது.

பல வருடம் டயாலிசிஸ் செய்தவர்களுக்கு, குறிப்பாகப் பாராதைராய்டு ஹார்மோன் அதிகமாக இருப்பவர்களுக்கு, தசைநாண்கள் (சதையை எலும்போடு இணைக்கும் நார்கள்) பலம் குறைந்திருக்கலாம். குதிகால் நாணும் முட்டிக்கு மேலுள்ள நாணும் சாதாரண அசைவிலேயே அறுந்துபோனவர்கள் உண்டு. ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும், சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்கும் அந்த அபாயம் இன்னும் அதிகம். அதனால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். உறவினர்கள் பதற்றத்தில் முழு பலத்தையும் போட்டு பாதத்தைத் தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். மெதுவாகத் தள்ளி, சதை எதிர்க்கும் இடத்தில் அப்படியே பிடித்திருங்கள், அதுவாக இளகும். நாணில் இருக்கும் உணர்வு முனைகள் அந்த இழுவிசையை உணர்ந்து, சுருங்கச் சொல்லிக்கொண்டிருக்கும் நரம்பை அடக்கும். நோயாளி தானாகவே விரல்களை மேலே தூக்க முயன்றால் இன்னும் சீக்கிரம் விடும், முன்பக்கச் சதை வேலை செய்யும்போது பின்பக்கச் சதை தளரும் என்பது உடம்பின் இயல்பு.

முன்தொடையில் பிடித்தால் முட்டியை மடக்க வேண்டும், பின்தொடையில் பிடித்தால் நீட்ட வேண்டும். பலர் இதை மாற்றிச் செய்துவிடுகிறார்கள்.

ஒரே காலில் மட்டும் வீக்கம், சூடு, சிவப்பு, விடாத வலி இருந்தால் அதைச் சதைப்பிடிப்பு என்று நினைத்து நீட்டவோ தேய்க்கவோ வேண்டாம். ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். அதே போல இரவுப் பிடிப்புக்குக் குயினைன் மாத்திரையை யாராவது சொன்னால் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். ரத்தத் தட்டணுக்கள் குறைவது, இதயத் துடிப்பு தடுமாறுவது போன்ற ஆபத்துகளுக்காக, கால்பிடிப்புக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006-லேயே எச்சரித்திருக்கிறது.

* * *

முதலில் எழுதியவன்தான் மறுபடி வருகிறேன். டெக்னீஷியன் தம்பி சொன்ன டிரை வெயிட் விஷயம் என்னை யோசிக்க வைத்தது. மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை வருகிறதே, அது எந்த நாளில் என்று என் நோட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு முறை ஏறிய எடையையும் அதில் குறித்து வைப்பது என் வழக்கம். கடைசியாக வந்த ஆறு பிடிப்பில் ஐந்து, இரண்டு நாள் இடைவெளி விட்டுப் போன நாளில் வந்திருக்கிறது. அந்த நாட்களில் மூன்றரை கிலோவுக்கு மேல் ஏறியிருக்கிறேன். பட்டையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நான்தான் அதற்குத் தாங்க முடியாத வேலையைக் கொடுத்திருக்கிறேன். ஆறாவது முறை மட்டும் புரியவில்லை, அன்று இரண்டு கிலோகூட ஏறவில்லை. நாளை மறுநாள் டாக்டர் வருகிறார், நோட்டோடு போய்க் கேட்கப் போகிறேன்.

அம்மா, உங்கள் கணவருக்கு இரவில் வருவதாகச் சொன்னீர்கள். அவர் மெஷினிலிருந்து இறங்கும்போது எடை, டிரை வெயிட்டுக்குக் கீழே போய்விடுகிறதா என்று ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள். துணிப் பட்டை வேண்டுமென்றால் நான்கு விரல் அகலம், வளையத்தோடு சேர்த்து அவர் இடுப்பிலிருந்து பாதம் வரை நீளம். ஓரத்தை உள்பக்கம் மடித்துத் தைக்காதீர்கள், அந்தத் தையல் மேடு உள்ளங்காலில் உறுத்தும். அவருக்கு உறுத்துவது தெரியாது என்று சொன்னீர்களே, அதனால் வெளிப்பக்கமாக மடித்துத் தையுங்கள்.