அண்ணன் 'லைட்' சிகரெட்டுக்கு மாறிவிட்டார், எப்படிப் புரியவைப்பது?

ஒரு உதவி வேண்டும். சிகரெட்டை விடச் சொன்னால், என் அண்ணன் தார் (புகையில் இருக்கும் பிசுபிசுப்பான நச்சுப் பொருள்) குறைந்தது என்று சொல்லும் 'லைட்' வகைக்கு மாறிவிட்டு, பாதிப் பிரச்சினை தீர்ந்த மாதிரி பேசுகிறார். அந்த ஃபில்டரைச் சுற்றிப் பொடிப்பொடியாக ஓட்டைகள் இருக்கும், தாரை அளவெடுக்கும் சோதனை இயந்திரம் புகையை இழுக்கும்போது அது வழியாகக் காற்று கலந்து தார் குறைவாகக் காட்டும், ஆனால் மனிதன் விரலாலும் உதட்டாலும் அதை அடைத்துக்கொண்டு நிக்கோட்டின் போதும் என்று தோன்றும்வரை ஆழமாக இழுப்பான். (இவருக்கு எண்ணிக்கையும் கூடிவிட்டது!) நுரையீரல் புற்றுநோயும் மாரடைப்பும் இதனால் தள்ளிப் போவதில்லை. அமெரிக்காவில் 2010 முதல் பெட்டியில் 'லைட்', 'மைல்டு' என்று போடவே தடை. சொன்னால் சிரிக்கிறார். இப்படி மாறி, அப்புறம் முழுசாக விட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நிக்கோட்டின் சூயிங்கம், பேட்ச், எது கைகொடுத்தது? சண்டை வராமல் பேச்சை எப்படி ஆரம்பிப்பது?