கேம்பர் வேன் ஹீட்டர் பற்றிக்கொண்டதும் அணைந்துவிடுகிறது

சிப்புட் வேன்காரன்:
வணக்கம். சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். கைமாற்றி வாங்கிய கேம்பர் வேனில் தண்ணீர் சுடவைக்கும் அமெரிக்க கேஸ் ஹீட்டர், 6 காலன் தொட்டி. பல மாதமாக வீட்டுக்குப் பின்னால் ரப்பர் மரத்தடியில் சும்மா நின்றது. கேமரன் மலை போகலாம் என்று சுவிட்சைப் போட்டால் டிக் டிக் என்று பொறி வருகிறது, நெருப்பும் பிடிக்கிறது, சில நொடியில் அணைந்துவிடுகிறது. மூன்று தடவை இப்படிச் செய்துவிட்டுச் சிவப்பு விளக்கு எரிகிறது. கேஸ் தோம்பு புதுசு, அடுப்பு நன்றாக எரிகிறது. பட்டறையில் "ஹீட்டரின் கன்ட்ரோல் போர்டு போச்சு, வெளியூரிலிருந்து தருவிக்கணும்" என்கிறார்கள். வேறு வழி உண்டா? மாமியாரும் வருகிறார், அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரைத் தொடமாட்டார்.

தாப்பா தம்பி:
பேட்டரி எப்படி? வோல்ட் இறங்கினாலும் போர்டு இப்படித் தடுமாறும்.

சிப்புட் வேன்காரன்:
இன்ஜினை ஓடவிட்டும் பார்த்தேன். அதே கதைதான்.

பழைய ஃபிட்டர்:
தம்பி, போர்டை இப்போதைக்கு விடுங்கள். செம்பனை ஆலையில் பாய்லர் பக்கம் காலம் தள்ளியவன் சொல்கிறேன். பொறி வருகிறது, வால்வு திறக்கிறது, மூன்று தடவைக்குப் பிறகு பூட்டிக்கொள்கிறது என்றால் போர்டு தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. நெருப்பு எரிவதுதான் அதற்குத் தெரியவில்லை.

பர்னர் வாயில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். நெருப்பு அதைத் தொட்டால், நெருப்பு வழியாகவே மைக்ரோ ஆம்ப் கணக்கில் மின்சாரம் பர்னருக்குப் போகும். அது கிடைத்தால்தான் போர்டு கேஸைத் தொடர்ந்து விடும். கம்பியில் கரி படிந்தாலும், எர்த் வயர் துருப்பிடித்தாலும், நெருப்பு கம்பியைத் தொடாமல் அலைந்தாலும் வெட்டிவிடும்.

நெருப்பு நீலமா, மஞ்சளா? ஹீட்டரின் வெளிக்கதவில் கரி இருக்கிறதா? மரத்தடி என்றதுமே எனக்குக் குளவிமேல்தான் சந்தேகம். குழாயைக் கண்டால் மண் கொண்டுவந்து அடைத்துவிடும். காற்று சரியாகக் கலக்காவிட்டால் நெருப்பு மஞ்சளாகும்.

தோம்பை மூடுங்கள், 12 வோல்ட் சுவிட்சையும் அணையுங்கள். ஆறியதும் பர்னர் குழாயைக் கழற்றித் தூரிகை விட்டுத் தட்டுங்கள். கேஸ் வரும் ஜெட் துளைக்குள் மட்டும் ஊசி விடாதீர்கள், துளை பெரிதானால் கேஸ் அளவே மாறிவிடும். கம்பியை மெல்லிய சேண்ட் பேப்பரால் தேயுங்கள். பொறி விழும் இடைவெளி 3 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். திரும்பப் பூட்டிய பிறகு இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள்.

லூனாஸ் அக்கா:
இவ்வளவு பாடு எதற்கு அண்ணே? வீட்டுக் குளியலறையில் மாட்டுகிற மின்சார ஹீட்டர் போதாதா?

பழைய ஃபிட்டர்:
அது பெரும்பாலும் 3.6 கிலோவாட் அம்மா. 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டினால் 300 ஆம்ப் இழுக்கும். கரண்ட் கிடைக்கிற இடத்தில் நிறுத்தினால் சரி, காட்டுக்குள் நடக்காது. இன்னொன்று, சிலர் வேனுக்குள்ளேயே புகைக்குழாய் இல்லாத கேஸ் ஹீட்டரை மாட்டுகிறார்கள். அது ஆளைக் கொன்றுவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

சிப்புட் வேன்காரன்:
அண்ணே, குளவியேதான்! சுண்டுவிரல் தடிமனுக்கு மண்கூடு, உடைத்தால் உள்ளே வரிசையாகச் சிலந்திகள். இப்போது நெருப்பு நீலமாக உறுமிக்கொண்டு நிற்கிறது. ஆனால் சுடுதண்ணீரில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறதே?

பழைய ஃபிட்டர்:
நெடுநாள் தேங்கிய தண்ணீரில் கிருமி சேர்ந்து, உள்ளே இருக்கும் மெக்னீசியம் கம்பியோடு கூடினால் அந்த நாற்றம் வரும். இரும்புத் தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க அந்தக் கம்பிதான் கரைந்துகொண்டே இருக்கும். தண்ணீர் ஆறட்டும். பம்பை நிறுத்திச் சேஃப்டி வால்வைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள், அப்புறம்தான் கம்பியைக் கழற்ற வேண்டும். 27 மில்லிமீட்டர் சாக்கெட் பொருந்தும். முக்கால்வாசி கரைந்திருந்தால் புதுசு போடுங்கள். கம்பியின் மரையில் டெஃப்லான் டேப் சுற்றித் திரும்பப் பூட்டுங்கள். பிறகு கொஞ்சம் குளோராக்ஸ் ப்ளீச் கலந்த தண்ணீரைத் தொட்டியில் சில மணி நேரம் நிறுத்தி, வாசனை போகும்வரை அலசுங்கள். சுடுதண்ணீர்க் குழாயில் தண்ணீர் சீராக வந்த பிறகே நெருப்பு வையுங்கள்.